தாதியர் ஆய்வு வளர்ந்தால் நமக்கென்ன லாபம்?

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையில் பாட்டியோடு காத்திருந்தேன். எங்கள் எண்ணை அழைக்க இன்னும் நேரமிருந்தது. கழுத்தில் மாணவர் அட்டை தொங்க, தாதியர் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் வந்தார். நீரிழிவு நோயாளிகள் தங்கள் கால்களை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று ஆய்வு செய்வதாகச் சொன்னார். பாட்டி செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டவே தயாராகிவிட்டார்.

அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "மலாய் இல்லன்னா இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா பாட்டி?" என்று கேட்டார். தெரியாது.

"நான் படிச்சுத் தமிழ்ல சொல்லட்டுமா?" என்றேன்.

"அப்படிச் செஞ்சா செல்லாதுக்கா, சாரி" என்று சொல்லி அடுத்த வரிசைக்குப் போனார். அவரும் தமிழ்ப்பெண்தான். பாட்டிதான் வீடு வரும்வரை, "என்னைய ஒன்னுமே கேக்காம போயிருச்சே அந்தப் புள்ள" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மாணவி சொன்னது சரி என்பது பிற்பாடுதான் புரிந்தது. தவறு அவருடையது அல்ல. அவர் கையில் கொடுப்பதற்கு, சோதித்து உறுதிசெய்யப்பட்ட தமிழ்க் கேள்வித்தாள் ஒன்று இல்லை. அதை உருவாக்க வேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் தாதியர் துறை. அந்தத் துறையின் ஆய்வு வலிமை நம் வீட்டுப் பெரியவர்களோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எண்ணிக்கையில் விடுபட்டவர்கள்

2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எல்லா இனங்களையும்விட அதிகம். ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பதை இப்படிப்பட்ட பெரிய ஆய்வுகள் சொல்லிவிடும். ஆனால் நோயோடு எப்படி வாழ்கிறார்கள் என்பது வேறு கேள்வி. மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? இன்சுலின் ஊசி என்றால் ஏன் பயம்? காலில் உணர்ச்சி குறைந்தால் முதலில் யாரிடம் சொல்கிறார்கள்? கோயிலுக்கு வெறுங்காலோடு போகும்போது என்ன கவனம் எடுக்கிறார்கள்? இவை நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்பவர்களுக்குத் தோன்றும் கேள்விகள். தாதியர் ஆய்வின் களம் இதுதான்.

இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்பாளர் தகுதி என்று ஒரு பகுதி இருக்கும். வயது, நோய் ஆகியவற்றோடு, 'மலாய் அல்லது ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரியும் அதில் அடிக்கடி இடம்பெறும். பார்க்கச் சாதாரண வரி. ஆனால் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் சில வகுப்புகள் மட்டும் படித்து, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தலைமுறையையே அது வெளியே நிறுத்திவிடுகிறது. பிறகு அந்த ஆய்வின் முடிவை வைத்துத்தான் கையேடு அச்சாகிறது. கால் பராமரிப்பு வகுப்பு நடக்கிறது. அதிக ஆபத்தில் இருப்பவரின் குரல் அதில் இல்லாமலேயே போகிறது.

கோலாலம்பூரில் ஒரு புழுங்கல் அரிசிக் கதை

கணக்கில் சேர்ப்பதால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, இதே ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே அது மிக அதிகம். தோட்டங்களில் இருந்த தமிழர்களிடம் அரிது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசி. காரணம் அரிசியில் இருக்குமோ என்று அவர் சந்தேகப்பட்டார்.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பொறுப்பில் இருந்த வில்லியம் பிளெட்சர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குத் தீட்டிய பச்சரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசி. ஓராண்டு முடிந்தபோது பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. 1907-இல் இது லான்செட் இதழில் வெளியானது. நெல்லை அவிக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தது 1926-இல்தான்.

நோயாளிகளிடம் சம்மதம் கேட்காமல் இப்படி ஓர் ஆய்வை இன்று யாரும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆனால் அது சொல்லும் பாடம் பழையதாகவில்லை. தமிழர்களின் சாப்பாட்டுத் தட்டையும் ஒருவர் கவனித்தது, எல்லா இனத்தாரையும் தாக்கக்கூடிய ஒரு நோயின் காரணத்தை அறிய உதவியது. நம்மைக் கணக்கில் சேர்ப்பது நமக்குச் செய்யும் சலுகை அல்ல. அறிவியலுக்கே அது தேவை.

தாதியர் கேட்டால் என்ன மாறும்?

பிராடனும் பிளெட்சரும் மருத்துவர்கள். ஆய்வு என்றாலே மருத்துவர் வேலை, தாதியர் வேலை ஊசி போடுவது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நவீனத் தாதியர் கல்வியைத் தொடங்கிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் புள்ளிவிவரத்தில் தேர்ந்தவர். கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தைவிடத் தொற்றுநோயால்தான் அதிகம் இறந்தார்கள் என்பதை வரைபடம் போட்டுக் காட்டினார். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகில் புண் வருவதை நாம் பார்த்திருப்போம். யாருக்கு அது வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க உதவும் மதிப்பெண் முறை ஒன்று 1962-இல் வெளியானது. அதை உருவாக்கிய டோரீன் நோர்ட்டன் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு தாதி. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு என்று ஐந்தே அம்சங்களைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இன்றைக்கு வார்டுகளில் படுக்கைப் புண்ணுக்கு நிரப்பப்படும் மதிப்பீட்டுப் படிவங்களுக்கு முன்னோடி அதுதான்.

அமெரிக்காவில் தாதியான லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் பெரிய செய்தி. ஒரு தாதி கவனிக்கும் அறுவைச் சிகிச்சை நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று அது காட்டியது. 2014-இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடத்திய ஆய்வில், பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 விழுக்காடு உயர்ந்த மருத்துவமனைகளில் மரண வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. "ஆள் பத்தாது" என்று தாதியர் காலங்காலமாகச் சொல்லி வந்த புகார் இப்படித்தான் எண்ணாக மாறியது. எண்ணாக மாறிய பிறகு அரசாங்கங்களால் அதை ஒதுக்கிவிட முடியவில்லை.

1993-இல் தொடங்கிய பயணம்

தாதியர் தாமே ஆய்வு செய்ய, முதலில் பல்கலைக்கழகத்துக்குள் அவர்களுக்கு இடம் வேண்டும். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1946-லேயே தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் நீண்ட காலம் மருத்துவமனைப் பயிற்சியும் அதன்பின் டிப்ளோமாவும்தான் வழியாக இருந்தன. முதல் பட்டப்படிப்பு 1993-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வந்தது. அதே மருத்துவப் புலத்தை 1960-களில் கட்டியெழுப்பிய முதல் முதல்வர் டான்ஸ்ரீ டி. ஜே. தனராஜ் யாழ்ப்பாணத் தமிழ்ப் பின்னணியைக் கொண்டவர் என்பதை நம் இளையோர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

2006-இல் மலாயா, கெபாங்சான், புத்ரா, சயின்ஸ் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களை அரசாங்கம் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவித்தது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யு.டி.எம். 2010-இல் சேர்ந்தது. இவற்றில் முதல் மூன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. மூன்றிலும் தாதியர் துறை உண்டு. அன்று முதல் பழைய மருத்துவத் துறைக்கும் இளைய தாதியர் துறைக்கும் ஏறக்குறைய ஒரே அளவுகோல்தான்: எத்தனை கட்டுரை, எவ்வளவு மானியம், எத்தனை முனைவர் பட்டதாரிகள்.

இந்தக் கணக்கைத்தான் 'ஆய்வு உற்பத்தித்திறன்' என்கிறார்கள். வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ் போன்ற பட்டியல்களில் உள்ள இதழ்களில் வந்த கட்டுரைகள், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர், உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற மானியங்கள், தேறிய ஆய்வு மாணவர்கள் ஆகியவை இதில் அடங்கும். விரிவுரையாளரின் ஆண்டு இலக்கும் பதவி உயர்வும் இதைப் பொறுத்தே அமைகின்றன.

எங்கே தடங்கல்?

கீழே சொல்பவை ஒரு பல்கலைக்கழகத்தின் குறைகள் அல்ல. உலகெங்கும் தாதியர் துறைகளில் பேசப்படுபவைதான்.

முதல் தடங்கல் நேரம். தாதியர் விரிவுரையாளர் வகுப்பெடுத்தால் மட்டும் போதாது. மாணவர்களோடு வார்டிலும் நிற்க வேண்டும். மாணவி ஊசி போடும்போது பக்கத்தில் ஒரு கண் இருந்தே ஆக வேண்டும். அதைத் தள்ளிவைக்க முடியாது. ஆய்வுக் கட்டுரையைத் தள்ளிவைக்கலாம். அதனால் அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இத்துறையில் பெரும்பாலோர் பெண்கள்; வீடு திரும்பிய பிறகும் அவர்களுக்கு வேலை காத்திருக்கிறது.

இரண்டாவது, வழிகாட்ட மூத்தவர்கள் குறைவு. வார்டில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, டிப்ளோமாவிலிருந்து பட்டம், முதுகலை, முனைவர் என்று படிப்படியாக ஏறி வருபவர்கள் பலர். முனைவர் பட்டம் கைக்கு வரும்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். மருத்துவத்திலும் அறிவியலிலும் அந்த வயதில் சொந்த ஆய்வுக்குழுவே அமைத்திருப்பார்கள்.

மூன்றாவது, அனுமதி நடைமுறை. அரசாங்க மருத்துவமனைகளில் ஆய்வு செய்ய தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அதன் சொந்த நெறிமுறைக் குழு உண்டு. ஆகவே பந்தாய் வட்டாரத்தில் உள்ள அந்த மையத்தையும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையையும் சேர்த்து ஆய்வு செய்ய விரும்பும் ஒருவர் இரு இடங்களிலும் விண்ணப்பிக்க வேண்டும். நோயாளிகளைக் காப்பதற்கு இது அவசியம். ஆனால் எட்டு மாதத்தில் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய மாணவி, அனுமதி சுலபமாகக் கிடைக்கும் ஒரே இடத்தில், கைக்குக் கிடைத்தவர்களிடம், இருக்கிற மலாய்க் கேள்வித்தாளைக் கொடுத்து முடித்துவிடுகிறார். பாட்டியின் வரிசையைத் தாண்டி அந்தப் பெண் போனதற்கு இதுதான் பின்னணி.

நான்காவது, சிதறல். ஒரு மாணவி தூக்கமின்மையைப் பற்றி எழுதுவார், இன்னொருவர் கை கழுவுவதைப் பற்றி, மற்றொருவர் தாய்ப்பாலைப் பற்றி. ஒவ்வொன்றும் சின்ன ஆய்வு. ஆய்வேடாகக் கட்டி அலமாரியில் வைத்த பிறகு யாரும் திறப்பதில்லை.

எதைச் செய்தால் பலன் கிடைக்கும்?

கட்டுரை எண்ணிக்கையை உயர்த்து என்று மட்டும் நெருக்கினால் நடப்பது வேறு. காசு வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் போலி இதழ்கள் காத்திருக்கின்றன. ஓர் ஆய்வை மூன்றாக உடைத்து மூன்று கட்டுரை ஆக்கலாம். வேலையே செய்யாதவர் பெயரையும் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கலாம். எண் உயரும், வார்டில் ஒன்றும் மாறாது.

பலன் தரும் வழிகள் ஆரவாரம் இல்லாதவை. வாரத்தில் ஒரு நாள் ஆய்வுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அன்று வார்டுப் பணியோ கூட்டமோ வைக்காமல் காப்பாற்றினால், ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 நாள் கிடைக்கும். தாதியர் துறையில் இது பெரிய சொத்து. ஒருவர் ஒதுங்கும் நாளில் வார்டை இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் அட்டவணைதான் இதற்குத் தேவை.

அடுத்தது, ஒரு துறை இரண்டு மூன்று கருப்பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பத்தாண்டு அதிலேயே நிற்பது. எடுத்துக்காட்டாக, 40 மாணவர்கள் ஆளுக்கொரு தலைப்பில் 100 நோயாளிகளைக் கேட்டால் 40 சின்ன ஆய்வுகள் கிடைக்கும். அதே 40 பேரும் ஒரே திட்டத்தின் கீழ், ஒரே கேள்வித்தாளோடு, நீரிழிவுக் கால் பராமரிப்பைப் பற்றிக் கேட்டால் 4,000 பேரின் தகவல் சேரும். ஒவ்வொரு மாணவரும் அதில் ஒரு பகுதியை எடுத்துத் தம் ஆய்வேட்டை எழுதலாம். மொத்தமாக வைத்துப் பார்த்தால் அது உலகம் கவனிக்கும் ஆய்வாக இருக்கும்.

மூன்றாவது, எழுத்துக் குழு. மூத்தவர் ஒருவர், இளையவர் மூவர் மாதம் இருமுறை உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துத் திருத்துவது. நம் எழுத்தாளர் சங்கங்களின் சிறுகதைப் பயிலரங்குக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. தனியாக உட்கார்ந்தால் முடியாத கட்டுரை, இன்னொருவர் காத்திருக்கிறார் என்றால் முடிந்துவிடும்.

நான்காவது, புள்ளியியல் தெரிந்தவரைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது. தகவலெல்லாம் திரட்டிய பிறகு அவரிடம் போவது, வீட்டைக் கட்டி முடித்துவிட்டுப் பொறியாளரிடம் அஸ்திவாரத்தைக் கேட்பது போல.

ஐந்தாவது, வார்டில் இருக்கும் தாதியரையும் ஆய்வில் சேர்ப்பது. "இந்தக் கட்டு ஏன் மலாய்க்காரப் பாட்டிக்கு நிற்குது, நம்ம பாட்டிக்கு அவிழுது?" என்று கேட்பவர் வார்டில்தான் இருக்கிறார். அந்தக் கேள்வியை ஆய்வாக மாற்றத் தெரிந்தவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். இருவரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

தமிழ்க் கேள்வித்தாள் எப்படி உருவாகிறது?

"நான் படிச்சுத் தமிழ்ல சொல்லட்டுமா?" என்று நான் கேட்டது ஏன் செல்லாது? நான் ஒரு மாதிரிச் சொல்வேன், அடுத்த வீட்டுப் பையன் வேறு மாதிரிச் சொல்வான். கேள்வியே மாறிவிட்டால் பதில்களை ஒப்பிட முடியாது. தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவள் என்பதால் எனக்குக் கூடுதல் உரிமை எதுவும் கிடையாது.

முறையாகச் செய்வதென்றால் முதலில் மூலக் கேள்வித்தாளை உருவாக்கியவரிடம் அனுமதி வாங்க வேண்டும். இருவர் தனித்தனியே தமிழாக்கம் செய்து, பிறகு இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அந்தத் தமிழை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். பொருள் மாறிய இடங்கள் அப்போது தெரிந்துவிடும். தாதியரும் மருத்துவரும் மொழி அறிந்தவரும் சேர்ந்து அவற்றைச் சரிசெய்வார்கள். பின்னர் சில நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி, "இதை என்னன்னு புரிஞ்சிக்கிட்டீங்க?" என்று ஒவ்வொரு வரியாகக் கேட்க வேண்டும். கடைசியில் பெரிய குழுவிடம் சோதனை. ஒரு கேள்விக்கு 5 முதல் 10 பேர் என்பது பொதுவான கணக்கு. 20 கேள்விகளுக்கு 100 முதல் 200 பேர். கேள்விகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை 'குரோன்பாக் ஆல்ஃபா' என்ற எண் காட்டும். 0.7-க்கு மேல் வந்தால் ஏற்கலாம். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் கேட்டு, பதில் நிலையாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சில பொதுவான கேள்வித்தாள்களுக்கு இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் வடிவங்கள் இருக்கின்றன. அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் 'செவிலியர்' என்று அச்சிட்டிருப்பார்கள். நம் பாட்டிக்கு அவர் 'மிஸ்ஸி'. புத்தகத்தில் நீரிழிவு, பாட்டி வாயில் 'இனிப்பு நீர்'. அமெரிக்கக் கேள்வித்தாள் ஒன்று சில 'பிளாக்' தூரம் நடக்க முடியுமா என்று கேட்கும். அங்கே அது தெருவின் அளவு. கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு 'பிளாக்' என்றால் அவர் குடியிருக்கும் கட்டடம். கால் உணர்விழப்பு என்று எழுதினால் யாருக்கும் ஓடாது. "மதமதன்னு இருக்கா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். மனச்சோர்வைப் பற்றிக் கேட்கும் தாள் இன்னும் சிக்கல். நம் பெரியவர்கள் அந்தச் சொல்லையே சொல்ல மாட்டார்கள். "மனசு பாரமா இருக்கு, ஒன்னும் புடிக்கல" என்பார்கள்.

தமிழும் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வாளர் ஒரே சொற்களில் வாசித்துக் கேட்கும் பேச்சு வடிவம் வேண்டும். அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இது ஓராண்டு வேலை. தாதியர் துறை மட்டும் செய்து முடிக்கக்கூடியதும் அல்ல. ஆனால் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலேயே 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தனிநாயக அடிகள் தலைமை தாங்கிய துறை அது. 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டியவர் அவர். ஒரே வளாகத்தில் ஒருபக்கம் தாதியர் ஆய்வு, மறுபக்கம் தமிழ் ஆய்வு. இறுதியாண்டுத் தமிழ் மாணவர் ஒருவருக்கு இப்படி ஒரு கேள்வித்தாளின் மொழியாக்கமே ஆய்வேடு ஆகலாம். தோட்டப்புறப் பேச்சில் உடல்நோவுக்கு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று தொகுப்பதும் நல்ல தமிழாய்வுதான். தாதியர் துறைக்கு அது கட்டுரையாகவும் கணக்கில் சேரும். சரியாக உருவாக்கிய கேள்வித்தாளை அடுத்து வரும் ஒவ்வோர் ஆய்வாளரும் பயன்படுத்துவார்கள், மேற்கோள் காட்டுவார்கள். உற்பத்தித்திறனும் உயரும், பாட்டியும் கணக்கில் வருவார்.

நம் பங்கு

மருத்துவமனையில் ஒரு தாதியர் மாணவி படிவத்தோடு வந்தால் பத்து நிமிடம் கொடுங்கள். பங்கேற்பது உங்கள் விருப்பம். முடியாது என்றாலும் சிகிச்சையில் எந்த வித்தியாசமும் இருக்கக்கூடாது; அந்த உறுதி சம்மதப் படிவத்தில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை விளக்கச் சொல்லிக் கேட்கலாம். "தமிழில் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அந்த மாணவி தன் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்வார்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் கோயில் மண்டபங்களிலும் சங்கங்களிலும் இலவச மருத்துவ முகாம்கள் நடக்கின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் பார்த்து ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். அது சட்டைப்பையோடு துவைத்துப் போய்விடும். முகாம் நடத்தும் இயக்கங்கள் தொடக்கத்திலேயே பல்கலைக்கழகத் தாதியர் துறையோடு பேசி, நெறிமுறை ஒப்புதலும் மக்களின் சம்மதமும் பெற்றால், அதே முகாம் சமுதாயத்துக்குப் பயன்படும் ஆய்வாகவும் அமையும். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த முதியோரை ஒரே இடத்தில் சந்திக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

எஸ்.பி.எம். முடித்துத் தாதியர் படிப்புக்குப் போகும் பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். டிப்ளோமாவோடு நின்றுவிட வேண்டியதில்லை. பட்டமும் முதுகலையும் முனைவர் பட்டமும் இந்தத் துறையிலும் உண்டு. தமிழ் தெரிந்த தாதி ஒருவர் ஆய்வாளராக வந்தால், தகுதிப் பகுதியில் அந்த ஒரு வரியை மாற்றி எழுத அவரால் முடியும்: 'மலாய், ஆங்கிலம் அல்லது தமிழ்.'

பாட்டிக்கு இப்போது 81 வயது. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம், கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் யாராவது வருகிறார்களா என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.